ஆடிட் லாகும் அரைகுறைப் பாதைகளும்

லினக்ஸ் ஆடிட் லாகிடம் போய், நேற்று ராத்திரி இந்த சர்வரில் என்ன நடந்தது என்று கேட்டால், மணி, நொடி, மில்லி நொடி, எந்த புரோகிராம், எந்த யூசர் என்று கடகடவென்று ஒப்பிக்கும். சரி, எந்த ஃபைல் என்று கேட்டால்தான் மென்று முழுங்கும். பலர் இதை நம்ப மாட்டார்கள். ஃபைலை அழித்ததைப் பதிவு செய்வதற்கென்றே இருக்கிற ஒரு கருவி அந்த ஃபைலின் முழுப் பாதையை, அதாவது எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டரில் அது இருந்தது என்பதை, எழுதாமலா போகும்? சில சமயம் எழுதாது. சில சமயம் தப்பான பாதையையே எழுதி வைக்கும், அதுதான் இன்னும் மோசம்.

சேலத்தில் சின்ன அளவில் தொழில் செய்கிற சிலருக்கு சர்வர் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரி, லீ பஜாரில் ஒரு மண்டி, ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸ், இப்படி. பெரிய ஐடி கம்பெனிகளில் இதற்கென்று தனி டீமும் தனி ஸ்க்ரீனும் இருக்கும். எனக்கு ஒரு லாப்டாப், ஒரு பைக், அப்புறம் "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போறியா" என்கிற போன்கள்.

கொலுசு வியாபாரியின் கடையில் நடந்ததைச் சொன்னால்தான் விஷயம் புரியும். அவர்கள் டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அச்சு எடுத்து, பட்டறைக்கு அனுப்புகிறார்கள். கொலுசு, மெட்டி, அரைஞாண் என்று ஒவ்வொன்றுக்கும் தமிழிலேயே ஃபோல்டர். டிசைன் வரைகிற கம்ப்யூட்டர்களில் விண்டோஸ். ஃபைல்கள் இருப்பது உபுண்டு என்கிற லினக்ஸ் ஓடும் ஒரு சர்வரில், அதை விண்டோஸுக்குக் காட்டுகிற சாம்பா என்ற மென்பொருள் வழியாக. ஒரு நாள் காலையில் மெட்டி ஃபோல்டரைக் காணோம்.

"தம்பி, மெட்டி டிசைன் பூராவும் காணோம். அந்தப் பையன் வேலைய விட்டு நின்னப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

"இருங்கண்ணா, லாகைப் பாத்துட்டுச் சொல்றேன்."

பேக்கப்பிலிருந்து ஃபோல்டரை முதலில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். கடைசி பேக்கப்புக்குப் பிறகு வரைந்த சில மெட்டிகள் போனது போனதுதான். ஆனால் அண்ணாவுக்கு டிசைனைவிட ஆள்தான் முக்கியம். வேலையை விட்டு நின்ற பையன் இப்போது பக்கத்துத் தெருவிலேயே வேறு கடையில் இருக்கிறான். சந்தேகம் அவன்மேல் போவதில் ஆச்சரியம் இல்லை.

அந்த சர்வரில் ஆடிட்டை ஏற்கெனவே ஓடவிட்டிருந்தேன். கடை ஃபோல்டருக்குள் எழுதுவது, அழிப்பது, பெயர் மாற்றுவது எல்லாம் பதிவாகும். லாகைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஹெக்ஸ் குப்பை, அதாவது சைபர் முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கலந்து எழுதுகிற எண்கள். ஃபைல் பெயரில் ஒரு ஸ்பேஸ் இருந்தாலோ, இரட்டை மேற்கோள் குறி இருந்தாலோ, ஆங்கில எழுத்து வரம்புக்கு வெளியே ஏதாவது இருந்தாலோ, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் மொத்தப் பெயரையும் ஹெக்ஸாக மாற்றித்தான் எழுதும். வம்பான பெயர் வைத்து லாக் வரிகளின் அமைப்பை யாரும் குழப்பிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தமிழில் பெயர் வைப்பவன் பாடு திண்டாட்டம். தமிழில் ஒவ்வொரு குறியீடும் எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் 3 பைட், அதாவது 6 ஹெக்ஸ் எழுத்து. "சேலம்" என்று எழுதினால் ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என 5 குறியீடு, 30 ஹெக்ஸ் எழுத்து. எல்லாமே ஈ-சைபர்-ஏ என்று ஆரம்பிப்பதால் பக்கம் பக்கமாக ஈ-சைபர்-ஏ, ஈ-சைபர்-ஏ என்றே ஓடும். லாகில் தேடுகிற ஏயூசர்ச் கட்டளையை 'ஐ' ஆப்ஷனோடு ஓட்டினால் தமிழாக மாற்றிக் காட்டிவிடும், சரி. நேரடியாக லாகில் கிரெப் போட்டுத் தேடிப் பழகியவர்களுக்குத்தான் சிக்கல்.

இதில் ஒரு உள்சிக்கலும் உண்டு. கொலுசு என்பதில் உள்ள "கொ"வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக, இரண்டு குறியீடாகவும் வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. லினக்ஸுக்கு வேறு வேறு பெயர். ஒன்று 18 பைட், இன்னொன்று 21 பைட். ஒரே ஃபோல்டருக்குள் இரண்டு "கொலுசு" அருகருகே உட்கார்ந்திருக்கலாம், லாகில் ஒன்றின் ஹெக்ஸை வைத்துத் தேடினால் மற்றொன்று அகப்படாது. பழைய எழுத்துரு மாற்றிகள் வழியாக வந்த பெயர்களில் இந்தப் பிரச்சினையை அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, மெட்டிக்கு வருவோம். மெட்டியில் அந்த வம்பு இல்லை, கொம்பு மட்டும்தான். ராத்திரியில் அழிப்புச் சம்பவங்கள் வரிசையாகப் பதிவாகியிருந்தன. புரோகிராம் ஆர்எம், அதாவது அழிக்கிற கட்டளை. யூசர் ரூட். வேலை செய்த டைரக்டரி, அதாவது ஃபோல்டர், ரூட்டின் ஹோம், அந்த யூசரின் சொந்த ஃபோல்டர். பெயர்: மெட்டி. அவ்வளவுதான். முன்னால் ஒன்றும் இல்லை, பின்னால் ஒன்றும் இல்லை.

போனில் இதைச் சொன்னது வினையாகிவிட்டது.

"ரூட்டுன்னா யாரு தம்பி?"

"சர்வரோட மெயின் யூசருங்கண்ணா."

"அந்த பாஸ்வேர்டு யாருகிட்ட இருக்கு?"

"எங்கிட்டதாங்கண்ணா."

மறுமுனையில் சத்தமே இல்லை. பட்டறையில் சுத்தியல் தட்டுகிற ஒலி மட்டும் கேட்டது.

இங்கே லாக் எழுதப்படுகிற அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லினக்ஸ் ஆடிட்டில் ஒரு சம்பவம் என்பது ஒரே வரி அல்ல. ஒரே சீரியல் நம்பர் போட்ட பல வரிகள் சேர்ந்ததுதான் ஒரு சம்பவம். புரோகிராம் கர்னலிடம் ஒரு வேலையைச் செய்யச் சொல்வதுதான் சிஸ்கால், அதாவது அழைப்பு. சிஸ்கால் வரி யார், எந்த புரோகிராம், எந்த அழைப்பு என்று சொல்லும். சிடபிள்யூடி வரி அந்த புரோகிராம் எந்த டைரக்டரியில் நின்றுகொண்டிருந்தது என்று சொல்லும். பாத் வரிகள், ஒன்றோ இரண்டோ நான்கோ, எந்தப் பெயர்கள் சம்பந்தப்பட்டன என்று சொல்லும். புரோகிராம் முழுப் பாதை கொடுத்தால் பாத் வரியில் முழுப் பாதை வரும். வெறும் பெயர் கொடுத்தால் வெறும் பெயர்தான் வரும், நாம் சிடபிள்யூடியை முன்னால் ஒட்டிப் படித்துக்கொள்ள வேண்டும். புரோகிராம் எப்படிக் கேட்டதோ அதை அப்படியே எழுதுவதுதான் கர்னலின் பழக்கம்.

ஐந்து ரோட்டில் நின்றுகொண்டு ஒருவர் "நேரா போய் லெஃப்ட்ல மூணாவது வீடு" என்று வழி சொன்னால், அவர் எந்த ரோட்டைப் பார்த்து நின்றார் என்று தெரியாமல் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. சிடபிள்யூடி வரி அதைத்தான் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்கே பட்டாவில் ஒரு சர்வே எண் இருக்கும், தெருப் பெயர் மாறினாலும் அது நிற்கும். ஃபைலுக்கு அந்த எண்தான் ஐநோடு.

சிடபிள்யூடியை ஒட்டிப் படிக்கிற கணக்கு ஆரம்பத்தில் சரியாக இருந்தது. ரெட் ஹாட்டில் இருந்த ரிக் ஃபெய்த் எழுதிய ஆடிட் கோடு 2.6 கர்னலுக்குள் வந்தது 2004இல். 2006இல் 2.6.16 கர்னலில், ஃபைலைத் திறக்கிற ஓப்பன்அட், அழிக்கிற அன்லிங்க்அட் போன்ற புதிய அழைப்புகள் வந்தன. இவற்றில் புரோகிராம் ஒரு டைரக்டரியை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு, "கையில் இருக்கிற 4ஆம் நம்பர் டைரக்டரிக்குள் மெட்டி என்று இருப்பதை அழி" என்று சொல்ல முடியும். நடுவில் யாராவது ஃபோல்டரை மாற்றி வைத்து ஏமாற்றுவதைத் தடுக்க இது நல்ல வழி. ஆனால் இப்போது சிடபிள்யூடி வரிக்கும் அந்த ஃபைலுக்கும் சம்பந்தமே இல்லை. புரோகிராம் ரூட்டின் ஹோமில் நின்றுகொண்டு, எங்கோ இருக்கிற ஃபோல்டருக்குள் கையை விட்டு அழிக்கிறது. லாகில் ஹோம் என்று ஒரு வரி, மெட்டி என்று ஒரு வரி. இரண்டையும் ஒட்டினால் ரூட்டின் ஹோமுக்குள் மெட்டி இருந்ததாக ஆகிவிடும். அப்படி ஒரு ஃபோல்டர் அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஒரு முழு ஃபோல்டரை ஆர்எம் கட்டளையால் உள்ளே உள்ளதோடு சேர்த்து அழிக்கும்போது நடப்பது சரியாக இதேதான். மேல் ஃபோல்டருக்கு மட்டும் நாம் டைப் செய்த பாதை வரும். அதற்குள் இருக்கிற ஆயிரம் ஃபைலுக்கும் வெறும் பெயர். ஒரே ஒரு ஃபைல் அழிந்தால் லாக் தெளிவாகச் சொல்லும், ஊரே அழிந்தால் உளறும். ஆடிட் லாக்மேல் எனக்கு இருக்கிற கோபம் இதுதான்.

எந்த வரியில் சிடபிள்யூடியை நம்பலாம், எந்த வரியில் கூடாது என்று கண்டுபிடிக்க ஒரு குறி இருக்கிறது. சிஸ்கால் வரியில் ஏ-சைபர் என்கிற புலத்தைப் பாருங்கள், அது அழைப்புக்குக் கொடுத்த முதல் மதிப்பு. அங்கே எஃப் என்று ஆறு முறை வந்து 9சி என்று முடிந்தால், அது ஹெக்ஸில் எழுதிய மைனஸ் 100. "நான் நிற்கிற டைரக்டரியிலிருந்து பார்" என்று அர்த்தம். அப்போது சிடபிள்யூடியை ஒட்டலாம். அங்கே 4, 5 என்று சின்ன எண் இருந்தால் அது திறந்து வைத்த டைரக்டரியின் கைநம்பர். சிடபிள்யூடியைத் தொடாதீர்கள். இது ஓப்பன்அட், அன்லிங்க்அட் மாதிரி "அட்" குடும்ப அழைப்புகளுக்கு மட்டும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் ஓப்பன்அட்டின் எண் 257, அன்லிங்க்அட்டின் எண் 263. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன், கல்யாண நாள்கூட அப்படி ஞாபகம் இருக்காது.

மெட்டி சம்பவத்தில் ஏ-சைபர் சின்ன எண். மூன்றாவது மதிப்பு 200, அதாவது ஃபைலை அல்ல, டைரக்டரியை நீக்குகிற அழைப்பு. பாத் வரிகள் இரண்டு. ஒன்று தாய் டைரக்டரிக்கு, பேரண்ட் என்று வகை போட்டது. இன்னொன்று அழிந்ததற்கு, டெலிட் என்று போட்டது. பேரண்ட் வரியின் பெயர்ப் புலத்தில் ரூட்டின் ஹோம் என்றே இருந்தது. பெயரை வைத்துப் பார்த்தால் கதை முடிந்தது. ஆனால் அதே வரியில் ஐநோடு எண்ணும், எந்த டிஸ்க் என்று சொல்கிற டிவைஸ் எண்ணும் இருந்தன. டிவைஸ் 08:11. இதுவும் ஹெக்ஸ்தான், எனவே பதினொன்று அல்ல, 17. அதாவது இரண்டாவது டிஸ்கின் முதல் பார்ட்டிஷன், டிஸ்கைப் பிரித்த முதல் பகுதி. ரூட்டின் ஹோம் இருப்பது முதல் டிஸ்கில். கடையின் ஃபைல்கள் இருப்பது இரண்டாவதில். பெயர் ஒரு டிஸ்கைச் சொல்கிறது, எண் இன்னொரு டிஸ்கைச் சொல்கிறது. கர்னல் நிஜமாகத் தொட்டது எண்ணைத்தான். பெயர், வேறு வழியில்லாமல் நிரப்பி வைத்தது.

அதற்கப்புறம் எண்ணைப் பிடித்துக்கொண்டு மேலே ஏற வேண்டியதுதான். மெட்டியின் தாய் ஐநோடு, பேச்சுக்கு 786440 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் டெலிட் என்று வருகிற இன்னொரு சம்பவம் லாகில் இருக்கிறதா? இருந்தது, அதே நொடியில், சில வரிகள் தள்ளி. அந்த வரியில் பெயர் முழுப் பாதையாக இருந்தது: /கடை/பழையது. ஏ-சைபரும் எஃப் வரிசை. ஆக, மெட்டி கடைசியாக இருந்தது "பழையது" ஃபோல்டருக்குள்.

"பழையது" என்பது அண்ணா கேட்டு வாங்கிய ஏற்பாடு. வேண்டாத டிசைன்களை அதில் போட்டுவிட்டால் மாதக் கடைசியில் ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் ஃபோல்டரையே அழித்துவிட்டுப் புதிதாக வைக்கும். ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுகிற கிரான் வழியாக ரூட்டின் பெயரில் ஓடும். ரூட் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. எனக்கும் மூச்சு வந்தது. ஆனால் மெட்டி ஏன் பழையதுக்குள் போனது?

இதற்கும் எண்தான். ஒரு ஃபோல்டரை அதே டிஸ்கில் இடம் மாற்றினாலும், பெயர் மாற்றினாலும் ஐநோடு மாறாது. மெட்டியின் ஐநோடைப் பிடித்து அன்றைய பகல் முழுக்கத் தேடினேன். மத்தியானத்தில் ஒரு பெயர்மாற்றச் சம்பவம். புரோகிராம் எஸ்எம்பிடி, அதாவது சாம்பா. இதில் பாத் வரிகள் நான்கு: பழைய தாய், புதிய தாய், பழைய பெயர், புதிய பெயர். பழைய பெயரும் புதிய பெயரும் மெட்டி என்றே முடிந்தன, மேலோட்டமாகப் பார்த்தால் எதுவுமே மாறாத மாதிரி. மாறியது தாய் எண் மட்டும். புதிய தாய் 786440. யாரோ விண்டோஸில் மவுஸால் மெட்டியைப் பிடித்து, இழுத்து, பக்கத்தில் இருந்த பழையதுக்குள் நழுவவிட்டிருக்கிறார்கள். எக்ஸ்ப்ளோரர் ஒரு வார்த்தை கேட்காது.

யார் இழுத்தது? லாகில் யூசர் "டிசைன்". கடையில் எல்லாரும் அந்த ஒரே லாகினைத்தான் பயன்படுத்துகிறார்கள். டிசைன் வரைபவர்கள், பில் போடுகிற அக்கா, வாடிக்கையாளருக்கு ஸ்க்ரீனில் மாடல் காட்டுகிற அண்ணா. வேலையை விட்டு நின்ற பையன் அன்றைக்குக் கடைப் பக்கமே வரவில்லை, வெளியிலிருந்து அந்த சர்வருக்குள் வர வழியும் இல்லை. மத்தியானம் மாடல் காட்டிக்கொண்டிருந்தது யார் என்று பில் போடுகிற அக்காவிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கல்லாப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"சரி விடு தம்பி, யாரோ கை தவறிப் பண்ணியிருப்பாங்க" என்றார் அண்ணா. தட்டுவடை செட் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

இந்த எண் ஏறும் வித்தையில் ஒரு பள்ளம் இருக்கிறது. இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் அழிந்த ஐநோடின் எண் சீக்கிரமே வேறு ஃபைலுக்குப் போய்விடும். ஸ்கிரிப்ட் பழையதை அழித்துவிட்டு உடனே புதிதாக உருவாக்கும்போது, அதே எண்ணே அதற்குத் திரும்ப வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். எனவே எண்ணை நேரத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். எண் ஒன்று, ஆனால் காலை ஒன்பதுக்கு அது யார், ராத்திரி பன்னிரண்டுக்கு அது யார் என்று கேட்க வேண்டும். இந்தக் குழப்பத்துக்காகவே ஃபைல் சிஸ்டம் தலைமுறை எண் என்று ஒன்றை உள்ளே வைத்திருக்கிறது. ஆடிட் அதை எழுதுவதில்லை.

கர்னல் ஏன் முழுப் பாதையை எழுதக் கூடாது? கேட்டால் வருகிற பதில்கள் எல்லாம் சப்பைக்கட்டு அல்ல. ஒரு ஃபைலுக்கு ஹார்டு லிங்க் மூலம் பத்துப் பெயர் இருக்கலாம், அதில் எது "அதன்" பாதை? வேறொரு ஃபைலைச் சுட்டிக்காட்டுகிற சிம்லிங்க் வழியாக வந்தால் கேட்ட பெயர் ஒன்று, தொட்ட ஃபைல் ஒன்று. பாதையைக் கட்டி முடிப்பதற்குள் யாராவது நடு ஃபோல்டரின் பெயரை மாற்றிவிடலாம். புரோகிராம் கொடுத்த பெயரைக் கர்னல் ஒரே ஒரு முறை நகல் எடுத்து, அதை வைத்தே வேலையும் செய்து, அதையே லாகிலும் எழுதுகிறது. அதனால் ஒன்றைக் கேட்டுவிட்டு வேறொன்று கேட்டதாக லாகில் காட்டும் ஏமாற்று வேலை நடக்காது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் டைரக்டரிக்கு இந்தச் சாக்குகளில் பாதி செல்லாது. டைரக்டரிக்கு ஹார்டு லிங்க் போட முடியாது, எனவே அதற்கு ஒரே தாய்தான். கைநம்பர் 4இல் திறந்திருக்கிற டைரக்டரி எது என்று கர்னலுக்கு அந்த நிமிடம் நன்றாகத் தெரியும். சிடபிள்யூடி வரியை அது எப்படி எழுதுகிறது? நிற்கிற டைரக்டரியிலிருந்து மேலே மேலே ஏறிப் பாதையைக் கட்டித்தான். நின்ற இடத்துக்குச் செய்வதைக் கைவிட்ட இடத்துக்கும் செய்தால் என்ன? சிடபிள்யூடி மாதிரியே இன்னொரு வரி, அவ்வளவுதானே. லாக் கொஞ்சம் பெருக்கும். பெருக்கட்டும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1983இல் வெளியிட்டு 1985இல் தர ஆவணமாக்கிய "ஆரஞ்சுப் புத்தகம்" என்கிற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நூல், சி2 என்கிற பாதுகாப்புத் தரத்துக்கே ஒரு நிபந்தனை வைத்தது: ஒரு பொருளைத் திறந்தாலோ அழித்தாலோ அதன் பெயர் பதிவில் இருக்க வேண்டும். பெயர் என்றால் எந்தப் பெயர் என்பதுதான் இன்னும் தீராத வழக்கு. வெறும் "மெட்டி"யும் பெயர்தான் என்று வாதாடலாம், ஆனால் அந்தப் பெயரை வைத்து ஒரு மனிதனைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்க முடியாது.

விண்டோஸ் ஒன்றும் சுத்தம் இல்லை. லீ பஜார் மண்டியில் விண்டோஸ் சர்வர். அங்கே அழித்ததற்கான ஈவண்ட் 4660. அதில் ஃபைலின் பெயரே இருக்காது, திறந்த ஃபைலுக்கு விண்டோஸ் தற்காலிகமாகக் கொடுக்கிற ஹேண்டில் எண் மட்டும்தான். அதே ஹேண்டில் எண் உள்ள 4656 அல்லது 4663 ஈவண்டைத் தேடிப் பிடித்து அங்கே பெயரைப் படிக்க வேண்டும். லினக்ஸில் ஐநோடைப் பிடித்து ஏறுவதும் இங்கே ஹேண்டிலைப் பிடித்து ஓடுவதும் ஒரே பாடுதான். மண்டிக்காரருக்கு இது ஏறவே ஏறாது. "கணக்கு சாஃப்ட்வேர்ல யாரு எந்த பில்லை மாத்துனாங்கன்னு பளிச்சுனு காட்டுதே" என்பார். காட்டும்தான். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்துகிற கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்க முடியக் கூடாது என்று விதியே இருக்கிறது. அந்தப் பதிவு சாஃப்ட்வேருக்குள்ளே எழுதப்படுவது, பில் நம்பர் என்ன என்று அதற்குத் தெரியும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு பில்லும் தெரியாது, மெட்டியும் தெரியாது. ஃபைலுக்குள் என்ன மாறியது என்பதையும் அது எழுதாது.

ஏற்காட்டில் வேறு கூத்து. எஸ்டேட் ஆபீஸில் ஒரே ஃபோல்டர் பைண்ட் மவுண்ட் மூலம் இரண்டு இடத்தில் தெரியும், எடை போடுகிறவர்களுக்கு ஒரு பாதை, கணக்குப் பிள்ளைக்கு ஒரு பாதை. லாகில் ஒரே ஃபைல் இரண்டு பாதையில் வரும், டிவைஸ் எண்ணும் ஐநோடும் மட்டும் ஒன்றாக இருக்கும். பாதையை வைத்து எண்ணினால் இரண்டு ஃபைல், எண்ணை வைத்து எண்ணினால் ஒன்று. கண்டெய்னர் என்கிற தனியாகப் பிரித்த சூழலில் ஓடும் புரோகிராம்கள் இன்னும் ஒரு படி மேலே போகும். அவை சொல்கிற பாதை அவற்றின் சொந்த உலகத்தில் உள்ள பாதை, வெளியே நிற்கிற நமக்கு அது எந்த கண்டெய்னர் என்று பாத் வரி சொல்லாது. இதையெல்லாம் பஸ்ஸில் போகும்போது லாப்டாப்பில் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், 20 கொண்டை ஊசி வளைவில் ஸ்க்ரீனைப் பார்த்தால் வாந்திதான் வரும்.

மெட்டிக்குப் பிறகு எல்லா இடத்திலும் சில மாற்றங்கள் செய்திருக்கிறேன். முதலில், தினமும் நடு ராத்திரிக்கு முன் ஃபைண்ட் கட்டளையால் ஒவ்வொரு டைரக்டரியின் ஐநோடு எண்ணையும் முழுப் பாதையையும் ஒரு பட்டியலாக எடுத்து வேறு மெஷினுக்கு அனுப்பிவிடுகிறேன். டைரக்டரிகள் மட்டும் போதும். ஃபைல்களைச் சேர்த்தால் பட்டியல் வீணாக வீங்கும், தாய் தெரிந்தால் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம். அழிந்த டைரக்டரியின் எண் கையில் இருந்தால் முந்தின ராத்திரி அது எங்கே இருந்தது என்று ஒரு வரியில் தெரிந்துவிடும். பகலில் நகர்த்தியதை லாகில் உள்ள பெயர்மாற்றங்கள் சொல்லும். இரண்டும் சேர்ந்தால் ஓட்டை இல்லை என்றே சொல்வேன்.

அப்புறம் ஆடிட் விதிகள். இணையத்தில் சுற்றுகிற விதித் தொகுப்புகளை அப்படியே ஒட்டாதீர்கள். பலவற்றில், லாகின் செய்யாத புரோகிராம்களை விட்டுவிடு என்று ஒரு நிபந்தனை இருக்கும். லாகின் அடையாளம் 4294967295 என்று இருந்தால் பதிவு செய்யாதே என்பதுதான் அது. சாம்பா சர்வர் தொடங்கும்போதே தானாக எழுகிற புரோகிராம், அதற்கு எப்போதும் அந்த எண்தான். அந்த நிபந்தனை இருந்திருந்தால் மத்தியானச் சம்பவம் லாகிலேயே இருந்திருக்காது. ராத்திரி ரூட் அழித்தது மட்டும் இருந்திருக்கும், செவ்வாய்ப்பேட்டையில் என் பிழைப்பும் முடிந்திருக்கும்.

சாம்பாவிலேயே ஃபுல் ஆடிட் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எந்தப் பகிர்வில், என்ன செய்தார்கள் என்று அது எழுதும். கடையில் எல்லாரும் ஒரே லாகின் என்பதால் கம்ப்யூட்டரின் ஐபி எண்தான் அங்கே ஆளைச் சொல்லும். அதை இப்போது போட்டிருக்கிறேன். அண்ணாவிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஆளுக்கொரு லாகின் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன், அதற்கு இன்னும் பதில் இல்லை.

5.9 கர்னலிலிருந்து, ஃபைல்களில் நடப்பதை அறிவிக்கிற ஃபேநோட்டிஃபை என்கிற வசதி இன்னும் ஒழுங்கான வேலை செய்கிறது. ஒரு ஃபைல் அழிந்தால் தாய் டைரக்டரியின் கைப்பிடியையும் பெயரையும் சேர்த்துக் கொடுக்கும். அந்தக் கைப்பிடியை வைத்து டைரக்டரியின் பாதையை அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது கிட்டத்தட்ட இதேதான். ஆனால் யூசர் யார் என்று அது சொல்லாது, ஓடிக்கொண்டிருந்த புரோகிராமின் புராசஸ் எண் மட்டும் கொடுக்கும். அந்தப் புராசஸ் அதற்குள் செத்துப்போயிருந்தால் தேட ஆளில்லை. ஆடிட்டுக்கு ஆளைத் தெரியும், இடம் தெரியாது. இதற்கு இடம் தெரியும், ஆளைத் தெரியாது. இரண்டையும் நேரத்தை வைத்துப் பொருத்துகிற ஒரு சின்ன ஸ்கிரிப்டை எஸ்டேட் சர்வரில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே நொடியில் நூறு ஃபைல் அழியும்போது பொருத்தம் தடுமாறுகிறது.

லாகை எத்தனை நாள் வைப்பது என்று கேட்பவர்களுக்கு: இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவில் 180 நாள் என்று இருக்கிறது, சர்வரின் கடிகாரத்தையும், நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்கிற என்டிபி வழியாகச் சரியாக வைக்கச் சொல்கிறது. நான் ஐநோடு பட்டியலையும் அதே 180 நாளுக்கு வைக்கிறேன். சுருக்கி வைத்தால் பெரிய இடம் பிடிக்காது. லாகை மட்டும் வைத்துவிட்டுப் பட்டியலைத் தூக்கிப் போட்டால், ஆறு மாதம் கழித்து 786440 என்ற எண்ணைப் பார்த்துத் தலையைச் சொறிய வேண்டியதுதான்.